மரச்செக்கு எண்ணெய்க்கு வலைத்தளம் இருக்கிறது, ஆர்டர் இல்லை: பக்கத்தில் என்ன எழுதலாம்?

செக்கடி:
அனைவருக்கும் வணக்கம். வெள்ளகோவில் பக்கம் எங்களுக்கு மரச்செக்கு இருக்கிறது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் ஆட்டுகிறோம். உள்ளூரில் வியாபாரத்துக்குக் குறைவில்லை. சொந்த எள்ளைக் கொண்டுவந்து ஆட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. வெளியூருக்கு அனுப்பலாம் என்று வலைத்தளம் ஒன்று போட்டோம். வருகிறார்கள், பார்க்கிறார்கள், வாங்காமல் போய்விடுகிறார்கள். விலைதான் காரணமா, எழுதியிருப்பது சரியில்லையா என்று தெரியவில்லை. முகப்பில் இருப்பதை அப்படியே ஒட்டுகிறேன்:

"எங்கள் நிறுவனத்திற்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் எங்கள் தயாரிப்புகள் 100% தூய்மையானவை, இயற்கையானவை, கலப்படமற்றவை. இதயத்துக்கு இதமானவை. கெட்ட கொழுப்பைக் கரைத்து, சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தி, ஆரோக்கிய வாழ்வுக்கு வழிவகுக்கும். தரமே எங்கள் தாரக மந்திரம். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்."

மேலே காளை செக்கிழுக்கும் பெரிய படம் ஒன்று இருக்கிறது. எழுத்து, படம் எல்லாம் தளம் அமைத்தவரே போட்டுக் கொடுத்தது.

வரிப்புலி:
விளம்பர வாசகம் எழுதுவதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்தியில் எண்ணெயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மேலே இட்லி மாவுப் படத்தைப் போட்டால் இட்லி மாவுக்கும் பொருந்தும். மசாலாத் தூளுக்கும் பொருந்தும். தாரக மந்திரத்தையும் லட்சியத்தையும் பார்த்ததும் கண் தானாகத் தாண்டிப் போய்விடுகிறது, ஏனென்றால் அந்த இரண்டு வரியும் தமிழ்நாட்டில் பாதி விசிட்டிங் கார்டுகளில் இருக்கின்றன.

புதிதாக எழுதும் முன் எனக்கு விவரம் வேண்டும். எள் எங்கே வாங்குகிறீர்கள்? ஒரு தடவைக்கு எவ்வளவு போடுகிறீர்கள், எவ்வளவு இறங்குகிறது? எத்தனை நாள் தெளியவிடுகிறீர்கள்? எதை வாங்க மாட்டோம் என்று தள்ளுகிறீர்கள்? தினமும் செய்வதால் உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிவதையெல்லாம் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம்.

வேகவிற்பனை:
இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை நண்பரே. கைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் யாரும் பத்தி பத்தியாகப் படிப்பதில்லை. மேலே பெரிய எழுத்தில் "40% தள்ளுபடி, இன்று மட்டும்" என்று போடுங்கள். பக்கத்தில் நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம். "3 பாட்டில்கள் மட்டுமே மீதம்" என்று ஒரு சிவப்பு வரி. "இதயத்துக்கு இதமானது" என்பதை எடுக்காதீர்கள். உடல்நலம் என்றால்தான் கை பர்ஸுக்குப் போகும். நான் பார்த்துக்கொள்ளும் தளங்களில் இதுதான் வேலை செய்கிறது.

அடுப்பங்கரை:
பெங்களூரில் இருக்கிறேன். ஊரிலிருந்து எண்ணெய் வரவழைத்துத்தான் சமைக்கிறேன், அதனால் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். சிவப்பு வரியைப் பார்த்தால் நான் பக்கத்தை மூடிவிடுவேன். செக்கில் ஆட்டுகிற எண்ணெய்க்கு "3 பாட்டில் மீதம்" எப்படி வரும்? நாளை ஆட்டினால் நாளை இருக்கும்.

செக்கடி தம்பி, எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தக் காளை உங்களுடையதா?

செக்கடி:
இல்லை அக்கா. காளை தாத்தா காலத்தோடு போய்விட்டது. இப்போது மோட்டார்தான். செக்கு மட்டும் மரம். வாகை மரத்தில் கடைந்தது.

வரிப்புலி அண்ணன் கேட்டதற்கு: எள் பெரும்பாலும் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்தில் எடுப்போம். மண், கல் போகச் சலித்து வெயிலில் காயவைப்போம். ஒரு தடவைக்கு 20 கிலோ எள். செக்கு ஓடி எள் நசுங்க ஆரம்பித்ததும் 2 கிலோ கருப்பட்டியைத் தட்டிப் போடுவோம். அப்போதுதான் பிண்ணாக்கு பிடித்துக்கொண்டு எண்ணெய் பிரியும். ஏறத்தாழ 8 கிலோ எண்ணெய் இறங்கும். பாத்திரத்தில் ஊற்றித் தெளியவிட்டு, மேலாக எடுத்துத் துணியில் வடிகட்டிப் பாட்டிலில் அடைப்போம். சூடு செய்வதில்லை, வேறு எதுவும் கலப்பதில்லை.

தேங்காய்ப் பருப்பு காங்கேயம் களங்களில் வாங்குவோம். கந்தகப் புகை போட்ட பருப்பு பார்க்க வெள்ளையாக இருக்கும், பூஞ்சணம் பிடிக்காமல் நாள் தாங்கும். நாங்கள் எடுப்பது கந்தகம் போடாதது. கொஞ்சம் பழுப்பாக இருக்கும். வாங்கிய கையோடு ஆட்டிவிட வேண்டும், வைத்திருந்தால் கெட்டுவிடும். இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்றுதான் போடவில்லை.

வரிப்புலி:
இதைத்தான் படிப்பார்கள்! கந்தகம் பற்றிய அந்த நான்கு வரிக்கு முன்னால் "100% தூய்மை" நிற்குமா? வெள்ளைப் பருப்பு ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று வாங்குகிறவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. நீங்கள் சொல்லிவிட்டால், அடுத்த கடையில் பாட்டிலைக் கையில் எடுக்கும்போது அந்தக் கேள்வி அவர் கூடவே போகும்.

எங்கள் தொழிலில் ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்கு விளம்பரம் எழுத கிளாட் ஹாப்கின்ஸ் என்பவர் போனார். எல்லா பீர் நிறுவனங்களும் "தூய்மை" என்ற ஒரே சொல்லைப் பெரிதாக அச்சிட்டுக்கொண்டிருந்த காலம். அவர் ஆலையைச் சுற்றிப் பார்த்தார். பாட்டில்களை நீராவியில் கழுவுவதையும் ஆழ்கிணற்றிலிருந்து நீர் எடுப்பதையும் கண்டார். இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்றார்களாம். அவர் அதையே எழுதினார், விற்பனை ஏறியது. மற்றவர்கள் செய்யாததைச் செய்ய வேண்டும் என்பதில்லை, மற்றவர்கள் சொல்லாததைச் சொன்னாலும் போதும். செக்கடி விஷயத்தில் கந்தகம் போடாதது உண்மையிலேயே எல்லோரும் செய்வதும் இல்லை.

சட்டப்புள்ளி:
உணவுப் பொருள் லேபிள்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வேகவிற்பனை சொன்னதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

முதலில் "இதயத்துக்கு இதமானது". சமையல் எண்ணெயில் இந்த வகைச் சொற்களை உணவுப் பாதுகாப்பு விதிகள் நீண்ட காலமாகவே பெயர் சொல்லித் தடுக்கின்றன. "இதயத்துக்கு இதம்", "கொலஸ்ட்ராலை எதிர்க்கும்" என்ற தொடர்களே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஊரில் உள்ள பாதி எண்ணெய்த் தளங்களில் இருக்கிறதே என்பது பதில் ஆகாது.

இரண்டாவது, சர்க்கரை நோய். நோயைக் கட்டுப்படுத்தும், குணமாக்கும் என்று உணவுப் பொருளுக்கு எழுதுவதற்கு இடமே இல்லை. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 53-இன் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இலும் முதல் தடவைக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. வலைத்தளத்தில் எழுதுவதும் விளம்பரம்தான்.

மூன்றாவது, "இயற்கையான", "தூய", "பாரம்பரிய" போன்ற சொற்கள். இவற்றை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கு 2018-ஆம் ஆண்டின் விளம்பர, உரிமைகோரல் விதிமுறைகளில் நிபந்தனைகள் இருக்கின்றன. பிராண்டின் பெயரிலேயே அப்படி ஒரு சொல் வந்தால், அது வெறும் பெயர்தான், பொருளின் தன்மையைக் குறிப்பதல்ல என்று லேபிளில் தனியாக அச்சிட வேண்டும். கொலஸ்ட்ரால் இல்லை என்பதைப் பெருமையாகப் போடுகிறவர்களும் உண்டு. எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது கிடையாது. உங்கள் எண்ணெயில் மட்டும் இல்லாததுபோல் எழுதினால் தவறு.

கடிகாரமும் "3 பாட்டில்" வரியும் பொய்யாக இருந்தால் அதற்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் வாங்குபவரை ஏமாற்றும் 13 உத்திகள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. அதில் முதலில் வருவதே போலி அவசரம். கேட்காத பொருளைக் கூடையில் போட்டுவிடுவது, கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன.

வேகவிற்பனை:
சட்டப்புள்ளி ஐயா சொல்வதைப் பார்த்தால் எதையும் விற்கவே முடியாது போலிருக்கிறது. கடிகாரத்தை விட்டுவிடுகிறேன், சரி. ஆனால் காளைப் படம்? அது ஒரு சூழலைக் காட்டுவதற்கு. மாம்பழச் சாறு விளம்பரத்தில் தோட்டத்தைக் காட்டுவதில்லையா? காளையை எடுத்துவிட்டு மோட்டாரைப் போட்டால் யார் பார்ப்பார்கள்?

அடுப்பங்கரை:
நான் பார்ப்பேன். காளை படத்தை நம்பித்தான் முன்பு ஒரு தளத்தில் வாங்கினேன். எண்ணெய் நன்றாகவே இருந்தது. பிறகு யாரோ போட்ட வீடியோவில் மோட்டார் ஓடுவதைப் பார்த்தேன், அதோடு விட்டுவிட்டேன். மோட்டாரில் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. காளையைக் காட்டி மறைத்தவர் இன்னும் என்னவெல்லாம் மறைக்கிறாரோ என்ற நினைப்புதான்.

வரிப்புலி:
வேகவிற்பனை சொன்னதில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். கைபேசியில் முதல் திரையில் பொருள், விலை, வாங்கும் பொத்தான் மூன்றும் தெரிய வேண்டும். கதையைக் கீழே வைக்கலாம். படம்தான் முதலில் கண்ணில் படும் என்பதும் சரி. அந்தப் படம் உங்கள் செக்காகவே இருக்கட்டும். வாகை மர உலக்கை சுற்றுவதையும், கருப்பட்டியைத் தட்டிப் போடும் கையையும் கைபேசியில் எடுத்தாலே போதும். மோட்டாரின் பெல்ட் படத்தில் தெரிந்தால் தெரியட்டும், அதை ஒட்டியே ஒரு வரி எழுதிவிடலாம்.

கருப்பட்டிக்காரன்:
உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம். எங்கள் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும், பிசுபிசுக்கும். போன் செய்கிறவர்களெல்லாம் கெட்டுப்போனதை அனுப்பிவிட்டீர்களே என்று கோபப்படுவார்கள். பிறகு பக்கத்திலேயே எழுதிவிட்டோம்: "மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். வெயிலில் வைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். சீனி கலந்த கருப்பட்டி இவ்வளவு எளிதில் கசிவதில்லை." குறையாகத் தெரிந்ததே அடையாளமாக மாறிவிட்டது. இப்போது "கசியுமா?" என்று கேட்டுவிட்டு வாங்குகிறார்கள். செக்கு எண்ணெயிலும் இப்படி ஏதாவது இருக்குமே?

செக்கடி:
நிறைய இருக்கிறது அண்ணாச்சி. பாட்டில் அடியில் வண்டல் நிற்கிறது என்பார்கள். கடலை எண்ணெயில் பொரித்தால் நுரைக்கிறது என்பார்கள். நல்லெண்ணெய் இந்த முறை நிறம் கூடுதலாக இருக்கிறதே என்பார்கள். எள் மாறினால் நிறம் மாறும். தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது, டால்டா கலந்திருக்கிறீர்களா என்று ஊட்டியிலிருந்து ஒருவர் கேட்டார்.

அடுப்பங்கரை:
பெங்களூரிலும் மார்கழியில் உறையும். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே போனால் எந்தத் தேங்காய் எண்ணெயும் உறையத்தான் செய்யும். இதைப் பக்கத்திலேயே போட்டிருந்தால் அவர் உங்களைக் கேட்டிருக்க மாட்டார். பாட்டிலின் வாய் அகலமாக இருக்கிறதா என்றும் எழுதுங்கள். குறுகிய வாயில் உறைந்த எண்ணெயை எடுப்பது பெரும்பாடு, அடுப்படியில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும்.

வரிப்புலி:
இனி விலைக்கு வருவோம். செக்கடி, லிட்டர் எவ்வளவு?

செக்கடி:
நல்லெண்ணெய் 560 ரூபாய். பெரும்பாலானவர்கள் அந்த எண்ணைப் பார்த்ததும் போய்விடுகிறார்கள் என்று நினைக்கிறேன். மற்றொரு தளத்தில் "மரச்செக்கு நல்லெண்ணெய்" 280 ரூபாய்க்குக் கிடைக்கிறது. விலையைக் கீழே தள்ளி வைக்கலாமா என்றும் யோசித்தேன்.

வரிப்புலி:
ஒளிக்காதீர்கள். கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் சொன்ன அளவுகளையே எடுத்துக்கொள்கிறேன். 20 கிலோ எள்ளுக்கு 8 கிலோ எண்ணெய். நல்லெண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 920 கிராம். ஆக 8 கிலோ என்பது 8.7 லிட்டர். ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ எள் வேண்டும். எள் கிலோ 180 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் எள்ளுக்கு மட்டும் 414 ரூபாய். கருப்பட்டி கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பிண்ணாக்கு விற்ற காசு கொஞ்சம் திரும்பி வரும். அதன் மேல் கூலி, மின்சாரம், பாட்டில்.

இந்தக் கணக்கைப் பக்கத்தில் போட்டால், 280 ரூபாய்க்காரர் பெயரைச் சொல்லவே வேண்டாம். படிக்கிறவர் தானே வகுத்துப் பார்த்துக்கொள்வார். தானே கண்டுபிடித்ததை அவர் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்வார்.

வேகவிற்பனை:
கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எள் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். நாளை எள் 140-க்கு வந்தால் "விலையைக் குறை" என்று அதே கணக்கைக் காட்டிக் கேட்க மாட்டார்களா?

செக்கடி:
அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது.

வரிப்புலி:
கேட்கட்டும். குறைத்தால் குறைத்ததை எழுதுங்கள், அதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. குறைக்க முடியாது என்றால் ரூபாயை விட்டுவிட்டு "ஒரு லிட்டருக்கு 2.3 கிலோ எள்" என்பதை மட்டும் போடுங்கள், அது விலையைப்போல் ஏறி இறங்காது. முடிவு உங்களுடையது. நானாக இருந்தால் ரூபாயையும் போடுவேன், தேதியோடு.

சரி, நல்லெண்ணெய்ப் பக்கத்துக்கு ஒரு வரைவு. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் அல்லது வெட்டுங்கள்:

"ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு 2.3 கிலோ எள்.
சிவகிரி ஏலத்தில் எள் எடுக்கிறோம். சலித்து, காயவைத்து, வாகை மரச் செக்கில் 20 கிலோவாக ஆட்டுகிறோம். கூடச் சேர்வது கருப்பட்டி மட்டும். எங்கள் செக்கை ஓட்டுவது மோட்டார். காளை தாத்தா காலத்தோடு ஓய்வு பெற்றுவிட்டது.
எண்ணெயைத் தெளியவிட்டுத் துணியில்தான் வடிகட்டுகிறோம். அதனால் பாட்டில் அடியில் மெல்லிய வண்டல் நிற்கலாம். எள்ளுக்குத் தகுந்தபடி நிறமும் மாறும். போன தடவை வாங்கியதும் இந்தத் தடவை வாங்கியதும் ஒரே நிறமாக இல்லையென்றால் எள் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.
இந்தப் பாட்டில் எந்தத் தேதியில் ஆட்டியது என்று லேபிளில் இருக்கிறது."

பொத்தானில் "இப்போதே வாங்குங்கள், வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்" எல்லாம் வேண்டாம். "1 லிட்டர், 560 ரூபாய், கூடையில் சேர்" போதும்.

சட்டப்புள்ளி:
வரைவில் எனக்குத் தடை சொல்ல எதுவும் இல்லை. ஆட்டிய தேதியைச் சொல்லும்போது கடைசி வரை அதைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தின் அடியில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர அளவு, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, உங்கள் முழு முகவரி ஆகியவை இருக்க வேண்டும். மின்வணிக விதிகள் 2020-இன்படி குறைதீர் அலுவலர் பெயரும் தொடர்பு எண்ணும் வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்றாவது பதில் அனுப்ப வேண்டும். சின்னக் கடைக்கு அலுவலர் எங்கே போவது என்று கேட்பீர்கள். உங்கள் பெயரையே போடலாம். நான் பார்த்தவரை, உரிமையாளர் பெயரும் எண்ணும் இருக்கிற பக்கத்தை வாங்குகிறவர்களும் கூடுதலாக நம்புகிறார்கள்.

கருப்பட்டிக்காரன்:
பாராட்டுக் கடிதங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் தளம் அமைத்தவர் "அருமையான தரம்! ஐந்து நட்சத்திரம்!" என்று தானே நாலைந்து எழுதிப் போட்டிருந்தார். எடுக்கச் சொல்லிவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த உண்மையான செய்திகளை அனுப்பியவர்களிடம் கேட்டுவிட்டுப் போட்டோம். அதில் ஒருவர் "கருப்பட்டி நன்று, பெட்டி நசுங்கி வந்தது" என்று எழுதியிருந்தார். அதையும் விட்டுவைத்தோம், கீழே பெட்டியை மாற்றிவிட்டோம் என்று பதிலும் எழுதினோம். எல்லாமே ஐந்து நட்சத்திரம் என்றால் யாரும் நம்புவதில்லை.

செக்கடி:
நன்றி. வரைவில் இரண்டு சொல் மட்டும் மாற்றி ஏற்றிவிட்டேன். காளைப் படத்தை எடுத்துவிட்டுச் செக்குப் படத்தைப் போட்டிருக்கிறேன்; அப்பாவின் கை அதில் இருக்கிறது. உடல்நல வரிகள் எல்லாவற்றையும் நீக்கியாயிற்று. தேங்காய் எண்ணெய்ப் பக்கத்தில் கந்தகம், உறைவது இரண்டையும் நானே எழுதிப் பார்த்தேன், இன்று இரவு ஒட்டுகிறேன், திருத்திக் கொடுங்கள்.

இன்னொரு சந்தேகம். தமிழில் மட்டும் போதுமா? கோயம்புத்தூர், சென்னைக்காரர்கள்கூட ஆங்கிலத்தில்தான் தேடுகிறார்கள் என்று தளம் அமைத்தவர் சொல்கிறார்.

வேகவிற்பனை:
இது என் துறை, இதிலாவது என் பேச்சைக் கேளுங்கள். கூகுளில் பலர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித்தான் தேடுகிறார்கள். "மரச்செக்கு எண்ணெய்" என்பதையே நாலு விதமாக எழுத்துக்கூட்டுவார்கள். அதனால் பொருளின் பெயரையும் பக்கத் தலைப்பையும் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வையுங்கள். ஆங்கிலப் பக்கம் தனியாக இருக்கட்டும், ஒரே பக்கத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். அந்த ஆங்கிலப் பக்கத்தையும் தமிழிலிருந்து வரிக்கு வரி மாற்றாமல் தனியாக எழுதச் சொல்லுங்கள். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருக்கிற தமிழர் அல்லாதவருக்குக் கருப்பட்டி என்றால் என்னவென்றே விளக்க வேண்டியிருக்கும். அவருக்கு முதல் வரி வேறாக இருக்கலாம்.

வரிப்புலி:
ஒப்புக்கொள்கிறேன். தலைப்பில் 2.3 கிலோ இருக்கட்டும். அது எல்லா மொழிக்கும் பொருந்தும்.

அடுப்பங்கரை:
இப்போதுதான் புதிய பக்கத்தைப் பார்த்தேன். செக்குப் படம் நன்றாக இருக்கிறது. 5 லிட்டர் டின் கூடையில் போட்டேன். பெங்களூருக்கு அனுப்பும் கட்டணம் பணம் கட்டும் பக்கம் போனபிறகுதான் தெரிகிறது. சட்டப்புள்ளி ஐயா சொன்ன 13-இல் இதுவும் ஒன்று இல்லையா? பாட்டிலா, டின்னா, கசியாமல் எப்படிக் கட்டி அனுப்புவீர்கள் என்பதும் எங்கும் இல்லை.

செக்கடி:
டின் மூடிக்கு மேல் ஒட்டுநாடா, அதன் மேல் பிளாஸ்டிக் உறை, வெளியே அட்டைப்பெட்டி அக்கா. உடைந்தோ கசிந்தோ வந்தால் போட்டோ அனுப்பினால் போதும், வேறு அனுப்பிவிடுவோம். இதையும் ஊர் வாரியாக அனுப்பும் கட்டணத்தையும் விலைக்குக் கீழேயே போடச் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலையில் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.